பழைய ஆலையைப் பிரிக்கப் போகிறீர்களா? வளைகுடா போகிறவர்களும் ஊரில் மில் வைத்திருப்பவர்களும் கேட்கிற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வளைகுடா போகிற பையன்களில் சிலருக்கு இப்போது புதுக் கட்டுமான வேலை கிடைப்பதில்லை, பழைய ஆலைகளைக் கழற்றி அப்புறப்படுத்துகிற வேலைதான் கிடைக்கிறது. அங்கே எண்ணெய்த் தொழில் ஆரம்பித்த காலத்துத் தொட்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் வயதாகி நிற்கின்றன. குவைத்தின் ஷுஐபா சுத்திகரிப்பு ஆலையையே 2017-ல் மூடிவிட்டார்கள். இந்த மாதிரி சைட்டுகளில் சேஃப்டி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பார்கள். புதுவயல் பக்கம் பழைய ரைஸ் மில்லை எடுத்துவிட நினைப்பவர்களும் கேட்பதுண்டு. அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

இடிக்கிறதுதானே அண்ணே, இதில் தனியாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நம்ம ஊரில் பழைய வீடு பிரிக்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நிலை, கதவு, பர்மா தேக்குத் தூண் எல்லாம் அலுங்காமல் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும், அப்புறம் ஓடு, அப்புறம் உத்தரம், கடைசியில்தான் சுவர். மேலிருந்து கீழே, கட்டின வரிசைக்கு நேர் எதிராக. அந்தப் புத்தி ஆலைக்கும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ஆலை என்பது பல வருஷம் எண்ணெய், கேஸ், ஆசிட், அழுத்தம், மின்சாரம் எல்லாவற்றையும் உள்ளே அடைத்து வைத்திருந்த இடம். மூடினபோது எல்லாம் வெளியே போய்விட்டது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அதனால் வேலையின் பெரும்பகுதி சுத்தியல் எடுப்பதற்கு முன்னாலேயே முடிகிறது: உள்ளே இருப்பதை வெளியேற்றுவது, ஒவ்வொரு குழாயையும் கரண்ட் லைனையும் துண்டித்துப் பூட்டுப் போடுவது, வால்வை மூடினால் போதும் என்று விடாமல் குழாய் இணைப்பில் பிளைண்டு என்கிற ஓட்டையில்லாத தகடு வைத்து அடைப்பது, பிறகு சோதித்துப் பார்ப்பது. "இது காலி" என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எதை வைத்துப் பார்த்தது? இதற்குப் பதில் வராத இடத்தில் கேஸ் கட்டரைப் பற்ற வைக்காதீர்கள்.

மூடிப் பல வருஷம் ஆன தொட்டி. வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

அடியில் கசடு இருக்கும். எண்ணெய்த் தொட்டியின் அடிக்கசடு மேலே ஓடு கட்டிக் காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் உள்ளே ஈரம். பாலைவனத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் விடியற்காலையில் தொட்டி குளிர்ந்திருக்கும்போது கேஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் ஒன்றுமே காட்டாது. அதே தொட்டி மதியம் வெயிலில் காயும்போது கசடு சூடாகி ஆவி கிளம்பும். காலை அஞ்சு மணிக்கு எடுத்த ரீடிங்கை வைத்துப் பதினொரு மணிக்கு வெல்டிங்கோ கட்டிங்கோ செய்வது தற்கொலைக்குச் சமம். வேலை நடக்கிற வரைக்கும் மீட்டர் உள்ளேயே இருக்க வேண்டும், கசடைக் கிளறினால் மறுபடி பார்க்க வேண்டும், சாப்பிட்டு வந்தாலும் மறுபடி.

எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தீப்பிடிக்கிற ஆவி, பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச அளவில் பத்து சதவீதத்தைத் தொட்டாலே ஆட்கள் வெளியே வந்துவிட வேண்டும். நெருப்பு வேலை என்றால் பூஜ்யம்தான் வேண்டும் என்று பெரும்பாலான சைட்டில் சொல்வார்கள், அதில் பேரம் பேசாதீர்கள். கசடிலிருந்து கிளம்புகிற ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷவாயுவுக்கு மீட்டர் பத்து பிபிஎம்-மிலேயே, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு இருந்தாலே, கத்தும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், உண்மைதான். ஆனால் 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுபோகும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாக உள்ளே இறங்கியவர்கள்தான் திரும்பி வரவில்லை.

இன்னொன்று, நம்ம பக்கத்து ஆட்களுக்கு அறவே தெரியாதது. கந்தகம் அதிகமுள்ள கச்சா எண்ணெய் வைத்திருந்த தொட்டியின் உட்சுவரில் துரு மாதிரி கருப்பாக ஒரு படிவு இருக்கும், அது இரும்பு சல்பைடு. ஈரமாக இருக்கிற வரை சாது. தொட்டியைத் திறந்து காற்றுப் பட்டுக் காய்ந்தால் தீக்குச்சியே இல்லாமல் தானாகக் கனன்று பற்றும். பாலைவனக் காற்றில் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டுமா? அதனால்தான் சுரண்டி முடிக்கும் வரை தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் அடிக்கிற ஹெல்பர் போன் பார்க்க உட்கார்ந்தால் திட்டுங்கள், தப்பே இல்லை.

அப்புறம், உள்ளே ஒருத்தர் விழுந்தால் வெளியே நிற்பவர் குதித்து இறங்கக் கூடாது. தொட்டி விபத்துகளில் முதலில் விழுந்தவரைவிட, காப்பாற்றப் போனவர்கள் அதிகமாகச் செத்த கதை உலகம் முழுக்க உண்டு. சொந்தக்காரப் பையனாகவே இருந்தாலும் அலாரம் அடியுங்கள், கயிற்றை இழுங்கள், மூச்சுக் கருவி போட்ட மீட்புக்காரர்கள் வரட்டும்.

நம்ம ஊர்க் கத்திரி வெயிலே பார்த்தாச்சு. அங்கத்து வெயில் என்ன பெரிசா?

பெரிசுதான். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆனால் எண்ணைவிட இரண்டு விஷயம் முக்கியம். உள்நாட்டுப் பாலைவனத்தில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது, அதனால் தண்ணீர் போவதே தெரியாது. கடலோரத்தில், அதாவது பழைய ஆலைகள் பெரும்பாலும் இருக்கிற இடத்தில், கோடையில் காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. 40 டிகிரிதானே என்று தெர்மாமீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதற்காகத்தான் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் தாக்கம், காற்று நான்கையும் சேர்த்து டபிள்யூ.பி.ஜி.டி. என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். கத்தாரில் 2021 முதல் இது 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மணியாக இருந்தாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

மதிய வேலைத் தடை நாட்டுக்கு நாடு வேறு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4 வரை. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12 முதல் 3 வரை, அமீரகத்தில் அதே நாட்களில் 12.30 முதல் 3 வரை. ஃபோர்மேன் "இன்னும் ஒரே ஒரு பீம்தான், முடிச்சிட்டுப் போயிரலாம்" என்பார். அந்த ஒரு பீமைத் தூக்கும்போதுதான் தலை சுற்றும்.

போன முதல் நாளே முழு வேலை செய்து பெயர் வாங்க நினைக்காதீர்கள். உடம்பு பழக முறை உண்டு: முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் ஒரு பங்கு கூட்டி, ஐந்தாம் நாள் முழு வேலை. லீவில் ஊருக்கு வந்து ஒரு மாதம் மனைவி சமையலில் இருந்துவிட்டுத் திரும்புகிற பழைய ஆளுக்கும் இது பொருந்தும், பழக்கம் விட்டுப் போயிருக்கும். தாகம் வரும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதே சமயம் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை ஒரேயடியாகத் தாண்ட வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மோர் கிடைத்தால் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

கூட இருப்பவர் சம்பந்தமில்லாமல் உளறினால், கோபப்பட்டால், நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வியர்த்துக்கொண்டே விழுகிறவர்களும் உண்டு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பினவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்போ ராத்திரி வேலை செய்தால் பிரச்சினை தீர்ந்ததே?

பாதி தீரும். கடலோரத்தில் ராத்திரி இரும்பு மேல் பனி இறங்கி வழுக்கும், வெளிச்சம் விழாத பக்கம் குழி தெரியாது, பகலில் கேம்பில் சரியாகத் தூங்காத ஆள் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்துக்கொண்டிருப்பார். இரும்பு நீள்வதையும் கணக்கில் வையுங்கள். நூறு மீட்டர் குழாய் 30 டிகிரி சூடேறினால் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ராத்திரி பாதி அறுத்துவிட்ட இடம் மதியம் இறுகிப்போய் பிளேடைக் கவ்வும், மதியம் இறுக்கமாக நிற்பது விடியலில் விட்டுக்கொடுக்கும். பாதி அறுத்து நிறுத்தாமல், ஷிஃப்ட் முடியுமுன் அந்தத் துண்டைக் கீழே இறக்கிவிட்டுப் போவது நல்லது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எங்க வீட்டுக் கொட்டகையிலேயே இருக்கு. அதுக்கு அங்கே என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கூரையில் சும்மா கிடக்கிற வரை அது பெரிய தொந்தரவு தராது. உடைக்கும்போது, அறுக்கும்போது, மேலிருந்து தூக்கி எறியும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார் கிளம்பும். நுரையீரலுக்குள் போனது வெளியே வராது. நுரையீரல் தடித்துப் போவது, நுரையீரல் புற்று, நுரையீரல் உறையில் வருகிற மீசோதெலியோமா என்கிற புற்று என்று அதனால் வருகிற நோய்கள் வெளிப்பட இருபது முதல் ஐம்பது வருஷம் ஆகலாம். இன்றைக்கு இருமல் இல்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை.

இந்தியாவில் வெள்ளைக் கல்நார், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், கலந்த சிமெண்ட் ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது, அதனால் நமக்குப் பயமே வரவில்லை. பழைய ஆலையில் ஷீட்டைவிட ஆபத்தானது, பாய்லர் குழாயைச் சுற்றிப் பூசியிருக்கிற வெள்ளைப் பூச்சும் பாய்லர் கதவில் இருக்கிற கயிறும். ஷீட்டில் சிமெண்ட் பிடித்து வைத்திருக்கிறது, குழாய்ப் பூச்சோ கையால் நசுக்கினாலே பொடியாகும். அதைச் சாதாரண கூலி ஆள் தொடவே கூடாது, அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்கள் மறைப்புக் கட்டி, தனி உடை போட்டு எடுக்க வேண்டும்.

ஷீட்டைக் கழற்றுவது ஓரளவு எளிது. ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் தெளித்து நனைக்கணும், கொக்கி போல்ட்டைக் கழற்றணும், கழறாவிட்டால் ஷீட்டை உடைக்காமல் போல்ட்டை வெட்டணும், முழுசாகக் கையில் கொடுத்து இறக்கணும், தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி மேலே எழுதி வைக்கணும். ஷீட் மேல் ஏறி நடக்காதீர்கள், வெயிலில் பழசானது அப்பளம் மாதிரி உடையும், ஆள் உள்ளே விழுவார். பலகை போட்டு நடக்கணும். நம்ம ஊரில் இந்த வேலையை ஆடி மாதக் காற்றில் வைத்துக்கொள்ளாதீர்கள், தூசு அடுத்த தெரு வரை போகும்.

முகத்தில் துண்டு கட்டுவதும் கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கும் இதற்குப் பயன்படாது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும், அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆலைப் பக்கமே போகாமல், புருஷன் சட்டையைத் துவைத்தே நோய் வாங்கின பெண்கள் மேலைநாடுகளில் பலர்.

வெல்லம் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும், வெல்டிங் புகைக்குப் பால் குடிக்கணும் என்கிறார்களே?

வெல்லமும் பாலும் வயிற்றுக்குப் போகும், தூசு நுரையீரலுக்குப் போகும். சாப்பிடுங்கள், ஆனால் மாஸ்க்குக்குப் பதிலாக இல்லை. கான்கிரீட் அறுக்கும்போது தண்ணீர் அடித்தால் தூசு அடங்கும், அது நிஜமான மருந்து. ஒரு எச்சரிக்கை: அங்கே தூசுக்கு அடிக்கிற டேங்கர் தண்ணீர் பல இடத்தில் சுத்திகரித்த கழிவுநீர். அதில் முகம் கழுவாதீர்கள்.

வெடி வைத்து ஒரே நிமிஷத்தில் தரைமட்டம் ஆக்குகிறார்களே, அதுதானே சுலபம்?

சென்னை மௌலிவாக்கத்தில் 2014-ல் ஒரு அடுக்குமாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள் இல்லையா, பக்கத்தில் நின்ற கட்டடத்தை 2016 நவம்பரில் அப்படித்தான் தகர்த்தார்கள். அபுதாபி மினா பிளாசாவில் 2020-ல் மொத்தம் 144 மாடிகள் பத்து வினாடியில் இறங்கின. வீடியோவில் அந்த வினாடிகள்தான் தெரியும். அதற்கு முன் தூண்களில் துளை போட்டு, சில இடத்தை அறுத்துப் பலவீனப்படுத்துகிற மாதங்கள் தெரியாது. ஆபத்து அங்கேதான். இங்கிலாந்தின் டிட்காட் மின்நிலையத்தில் 2016 பிப்ரவரியில், வெடி வைப்பதற்கான முன்வேலை நடந்துகொண்டிருந்தபோதே பாய்லர் கட்டடத்தில் பாதி சரிந்து நாலு பேர் செத்தார்கள். கடைசி உடலை எடுக்க செப்டம்பர் ஆகிவிட்டது.

வளைகுடாக் கடலோரக் கான்கிரீட்டில் இன்னொரு சங்கடம், உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் தின்றிருக்கும். வெளியே முழுசாகத் தெரிகிற தூணுக்குள் கம்பி பாதிகூட இருக்காது. காரைக்குடியிலேயே இருக்கிற சிக்ரி நிறுவனத்தில் இந்த அரிப்பைப் பற்றித்தான் பல காலமாக ஆராய்கிறார்கள், நம்ம பிள்ளைகளுக்கே அது தெரிவதில்லை. தரையும் அப்படித்தான். உப்புப் படிந்த சப்கா மண் மேல் மனிதன் நடக்கலாம், கிரேன் நின்றால் மேல் ஓடு உடைந்து சாயும். அடியில் பலகை விரிக்காமல் கிரேன் நிறுத்தினால் அதன் கை எட்டுகிற தூரத்தில்கூட நிற்காதீர்கள்.

இரும்பு நல்ல விலை போகுது. காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் பாதரசம் ஒட்டிய கண்ணாடி டன் கணக்கில் உள்ளூர்ப் பழைய பொருள் கடையில் கிடந்ததைப் பார்த்துத்தான் விஷயமே வெளியே வந்தது. டெல்லி மாயாபுரியில் 2010-ல், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. கழற்றிப் பார்த்த கடைக்காரர்களுக்குக் கை வெந்தது, ஒருவர் இறந்தார். ஆலைகளில் தொட்டி மட்டம் பார்க்கிற சில கருவிகளுக்குள்ளும் கதிரியக்கப் பொருள் உண்டு. மூன்று இதழ் மின்விசிறி மாதிரி மஞ்சள் முத்திரை இருந்தால் தொடாதீர்கள், முத்திரை உரிந்துபோன கனமான ஈய டப்பாவையும் தொடாதீர்கள். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களின் உட்புறப் படிவில் ரேடியம் சேர்ந்திருக்கும், அந்தக் குழாயை மீட்டர் வைத்துப் பார்க்காமல் அறுக்கவோ விற்கவோ கூடாது. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்கிற நச்சு ரசாயனம் இருக்கலாம், அதை அடுப்புக்கும் கதவுக்குப் பூசவும் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதுவயல் பக்கம் எங்க அப்பச்சி காலத்து ரைஸ் மில் ஒன்று இருக்கு. நாங்க எங்கே ஆரம்பிப்பது?

முதலில் சுற்றி நடந்து எழுதுங்கள். நெல் ஊறப்போடும் தொட்டியும் எலிவேட்டர் குழியும் வெறும் குழி இல்லை. அழுகின நெல்லும் தேங்கின தண்ணீரும் உள்ளே ஆக்சிஜனைத் தின்றிருக்கும். யாரையும் சும்மா இறக்காதீர்கள், காற்று அடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி இறக்குங்கள். உமிச் சாம்பல் மேடு மேலே குளிர்ந்திருக்கும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை போகும். ஷீட் அடுக்குக்கும் மூட்டை அடுக்குக்கும் அடியில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும், கையை விடாமல் கம்பால் தட்டிப் பாருங்கள்.

பாய்லருக்கு அரசுப் பதிவு எண் உண்டு, அந்தப் பதிவை முறையாக முடித்துவிட்டுத்தான் பாய்லரை அறுக்க வேண்டும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, கம்பத்திலிருந்தே லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள், ஃபியூஸைப் பிடுங்கினால் போதாது. புகைபோக்கிக்குத் தனியாக ஒரு பொறியாளரைக் கேளுங்கள். ஜேசிபியை வைத்து அடியில் தட்டி விழவைக்கலாம் என்று சொல்கிறவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அது எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கும் தெரியாது. கட்டட இடிப்புக்கென்றே இந்தியத் தரநிலை 4130 இருக்கிறது, பொறியாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய்க் கசடை அள்ளி மூடின பேரலில் அடைத்துவிடுங்கள். மழை பெய்தால் எல்லாத் தண்ணீரும் ஊருணிக்கும் கண்மாய்க்கும்தான் போகும், நம்ம ஊர் வாய்க்கால்களை முன்னோர் அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ், எண்ணெய் மாதிரியான அபாயக் கழிவை எங்கே அனுப்புவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். செங்கல்லும் செம்பூராங்கல்லும் நல்லதாக இருந்தால் விலைக்குப் போகும், அதில் சந்தேகமே இல்லை.

இவ்வளவு செலவா? பூட்டியே போட்டுவிட்டால்?

போபாலில் 1984-ல் நின்ற ஆலையின் கழிவில் 337 டன்னை 2025 ஜனவரியில்தான் லாரி ஏற்றினார்கள். நாற்பது வருஷம் பூட்டி வைத்து எதுவும் குறையவில்லை.

கிளம்புகிற பையன் எதை எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் என்கிற மத்திய அரசுத் தளத்தில் பாருங்கள், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான் உச்சவரம்பு. பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுத்திருக்க வேண்டும், விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். வேலை ஒப்பந்தத்தில் "ஹெல்பர்" என்று போட்டுவிட்டு அங்கே போனதும் தொட்டிக்குள் இறக்கினால், பயிற்சி கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத்தின் ஒரு நகல் அம்மாவிடமோ மனைவியிடமோ வீட்டில் இருக்கட்டும்.

வேலை ஆரம்பிக்குமுன் சைட்டில் தருகிற அனுமதிச் சீட்டு, அதான் பெர்மிட், அரபியிலும் இங்கிலீஷிலும் இருக்கு. எனக்குப் படிக்க வராது. கையெழுத்துப் போடச் சொல்கிறார்களே?

பெர்மிட் கொடுத்தவரை வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் குழாய், எங்கே பூட்டு, எங்கே பிளைண்டு, கேஸ் எவ்வளவு என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். தமிழோ மலையாளமோ இந்தியோ தெரிந்த ஒருத்தர் எல்லா சைட்டிலும் இருப்பார், கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெர்மிட்டில் நேரம் போட்டிருக்கும், அந்த நேரம் முடிந்தால் அது வெறும் காகிதம், புதிதாக வாங்க வேண்டும். பூட்டுப் போட்டிருந்தால் அதில் உங்கள் பூட்டும் ஒன்று தொங்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும், ஃபோர்மேன் பையில் இல்லை.